கால்மாட்டில் மூக்குக்கண்ணாடி

காலை ஒன்பது நாற்பது.

அருணாதேவி மாடி அறையின் கதவை இழுத்துச் சாத்தி வெளியே தாழ் போட்டாள். கையிலிருந்த காபி டம்ளர் படியில் உருண்டது. அதை எடுக்காமலேயே இறங்கி ஓடினாள். தாழிட்ட அறைக்குள் ஒரு பிணம் இருந்தது. கூடவே உயிரோடு ஒரு பெண்ணும் இருந்தாள்.

அன்று சித்ரா பௌர்ணமி. அடி அண்ணாமலை வழியாகப் போகும் கிரிவலப் பாதையில் விடியும் முன்பே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ரேணுகாம்பாளுக்குப் போன் வந்தபோது அவள் பாதையின் வேறொரு முனையில் பந்தோபஸ்தில் இருந்தாள். ஜீப் இருந்தும் பயனில்லை. கூட்டத்தோடு நடந்தாள். முன்னால் போகிறவரின் வேகம்தான் அவள் வேகம். முந்த முடியாது, திரும்பவும் முடியாது. தார் இளகியிருந்தது. வெறுங்கால்கள் தண்ணீர் ஊற்றிய இடமாகப் பார்த்து மிதித்துப் போயின.

வீட்டை ஒட்டிய சந்தில், மாடிப்படியின் கடைசிப் படியில், ஏட்டு வேணு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். ஐம்பதைத் தாண்டியவர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். இன்று அவருக்குத் தெருமுனையில்தான் டியூட்டி.

“நான் உள்ள போகலை மேடம். கதவைக்கூடத் தொடலை. நீங்க வரட்டும்னு உக்காந்துட்டேன்.”

“செத்தது யாரு?”

“பரசுராமன் சார். ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார். திருச்சிப் பக்கம். தனி ஆளு. வீட்டுக்கார அம்மா காபி எடுத்துட்டுப் போயிருக்காங்க. ஒரு பொண்ணு அவர் மேல குனிஞ்சிட்டு இருந்துச்சாம். வெளிய தாழ் போட்டுட்டு வந்து என்னைக் கூப்பிட்டாங்க.”

“அந்தப் பொண்ணு சத்தம் போடலையா?”

“போட்டுச்சு. கதவைத் தட்டுச்சு. இந்த அரோகரா சத்தத்துல யாருக்குக் கேக்கும்?”

ரேணுகாம்பாள் தாழை நீக்கினாள். அடுப்பைத் திறந்தது போல் அனல் வந்தது. ஒரு பெண் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். புடவை நனைந்து ஒட்டியிருந்தது. வலது கையில் இரண்டு நகங்கள் சதையோடு பிய்ந்திருந்தன.

“ஜன்னல் தொறக்கலை மேடம்” என்றாள். அதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை.

ரேணுகாம்பாளுக்கு அவளைத் தெரியும். திங்கட்கிழமைகளில் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் வாசலில், மனு கொடுக்க வருகிறவர்களின் பையையும் பாட்டிலையும் சோதிப்பது ரேணுகாம்பாளின் வேலை. மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று ஒவ்வொரு பாட்டிலையும் மோந்து பார்க்க வேண்டும். இந்தப் பெண்ணின் பாட்டிலில் எப்போதும் மோர்தான் இருக்கும். கீழ்பென்னாத்தூர் பொன்னி. அண்ணன் மணிவேல் வேலூர் ஜெயிலில் இருக்கிறான். அவன் செய்யாத குற்றம் என்பாள். வாரம் தவறாமல் வருவாள்.

ரேணுகாம்பாள் ஜன்னலைத் தள்ளினாள். இரண்டு மரக் கதவுகளும் அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினாள்.

“இருங்க மேடம்.” வேணு வந்து கதவின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்துக் கொஞ்சம் தூக்கித் தள்ளினார். திறந்தது. மலை மொத்தமாக அறைக்குள் வந்து நின்றது.

வெளிச்சத்தில் அறையைப் பார்த்தாள். சுவரோரமாக இரும்புக் கட்டில். அதன் ஒரு முனை ஜன்னலைத் தொட்டது, மறுமுனை கதவுப் பக்கம். பரசுராமன் ஜன்னலடியில் தலையணை வைத்து மல்லாந்து கிடந்தார். மார்பு வரை போர்வை இழுத்து விட்டிருந்தது. கால்மாட்டில் ஒரு ஸ்டூல். அதன் மேல் மூக்குக்கண்ணாடி, மூடிய சொம்பு, மாத்திரை அட்டை. எதிர்ச்சுவரில் கரும்பலகை, அதன் முன்னால் ஒரு நாற்காலி.

குனிந்து தொட்டாள். தாடை இறுகியிருந்தது. முழங்கை மடங்கவில்லை. உதடு நீலம். கீழுதட்டின் உள்பக்கம் பல் பட்டுக் கிழிந்திருந்தது. இமையை விலக்கினாள். வெள்ளை விழியில் சிவப்புப் புள்ளிகள்.

“தூக்கத்துலயே போயிட்டார் போல இருக்கே மேடம்” என்றார் வேணு.

“கையைப் பாருங்க ஏட்டய்யா.”

வலது கைவிரல்களில் சாக்பீஸ் தூள். நாற்காலிக்கு அடியில் ஒரு சாக்பீஸ் இரண்டாக உடைந்து கிடந்தது.

“எழுதின கையைக் கழுவாம போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு யாராவது படுப்பாங்களா? நாற்காலில உக்காந்திருந்த ஆளை மூக்கையும் வாயையும் சேர்த்து அமுக்கியிருக்காங்க. அப்புறம் தூக்கிட்டு வந்து தூங்கற மாதிரி படுக்க வெச்சிருக்காங்க.”

“தூக்கற அளவுக்கு இந்தப் பொண்ணுக்குத் தெம்பு இருக்குமா?”

“ஆளு காத்துல பறக்கற ஒடம்பு. யாரும் தூக்கலாம்.”

அவள் பலகையைப் பார்த்தாள். மூன்று இங்கிலீஷ் சொற்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. கரெக்ட். ரெக்டிஃபை. ரெட்ரெஸ். மூன்றாவது சொல்லுக்குக் கீழே ஒரு வாக்கியம் தொடங்கிப் பாதியில் நின்றிருந்தது. அந்தச் சொல்லை அவள் திங்கள்தோறும் பார்ப்பாள். மக்கள் குறைதீர்க்கும் நாள் என்று தமிழில் எழுதிய பலகைக்குக் கீழே இங்கிலீஷிலும் எழுதியிருக்கும். அதற்கு என்ன பொருள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இன்ஸ்பெக்டர் பிரகாஷ் போனில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவர் பக்கமும் கூட்டம்.

“மணிவேல் தங்கச்சியா? மணிவேலுக்கு எதிரா சாட்சி சொன்னதே இந்த வாத்தியார்தானே? அப்புறம் இன்னா யோசனை? கூட்டம் கொஞ்சம் விட்டா சாயங்காலம் ஆம்புலன்ஸும் வேனும் அனுப்பறேன். ரேகை எடுக்கறவங்களும் அதுலயே வருவாங்க. பொண்ணை ரிமாண்டுக்கு ரெடி பண்ணி வைங்க.”

“ஒடம்பு வெறைச்சிருக்கு சார். விடியக்காலைலயே செத்திருக்கணும். இந்தப் பொண்ணு ஒன்பது மணிக்கு மேலதான் வந்தேங்குது.”

“ராத்திரியே வந்து கூட்டத்தோட கலந்திருக்கும். வேன் வர்ற வரைக்கும் டைம். அதுக்குள்ள வேற ஆளு கெடைச்சா சொல்லுங்க.”

சாயங்காலம் வரை. அதற்குள் அந்த வீட்டை விட்டு யாரும் போக முடியாது. அவளும்தான்.

*

கீழ்க்கூடத்தில் பொன்னி பேசினாள். ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் இதே பாதையில் ஒரு முதியவர் வண்டி மோதிச் செத்தார். மணிவேல் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். குடித்துவிட்டு மோதினான் என்று வழக்கு. மாடி ஜன்னலிலிருந்து பார்த்ததாகப் பரசுராமன் சாட்சி சொன்னார். மணிவேல் உள்ளே போனான். அப்பீலும் தோற்றது.

“நேத்து மத்தியானம் சார் போன் பண்ணார் மேடம். மொதல்ல யாருன்னே தெரியலை. அழறார். ‘நான் பார்த்தது வெள்ளைக் காரும்மா, கார்னுதான் சொன்னேன். எழுதினதைப் படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன். ஊர்ப் பசங்க எழுதினதையெல்லாம் திருத்தின எனக்கு அதைப் படிக்கணும்னு தோணலை’ங்கறார்.”

“கோர்ட்ல சொல்லியிருக்கலாமே?”

“அதைத்தான் நானும் கேட்டேன். அங்க படிச்சப்ப ஆட்டோன்னு இருந்துச்சாம். மாத்திச் சொன்னா பொய் சாட்சின்னு உங்களைத்தான் உள்ள போடுவாங்கன்னு யாரோ சொல்லி வெச்சிருந்தாங்களாம். பயந்துட்டாராம். ‘நாளைக்கு வாம்மா, வக்கீல்கிட்ட போலாம், நான் எங்க வேணா வந்து சொல்றேன்’னார்.”

“உனக்குக் கோவம் வரலை?”

பொன்னி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“வந்துச்சு. கழுத்தைப் புடிச்சு நாலு கேள்வி கேக்கணும்னுதான் வந்தேன். படுத்திருந்தார். தூங்கறார்னு உலுக்கினேன். சில்லுனு இருந்தார். அப்பவும் விடலை மேடம், எழுப்பிடலாம்னு உலுக்கிட்டே இருந்தேன். அவர் செத்துட்டா எங்க அண்ணன் வெளிய வர்றதுக்கு வழியே கெடையாது. அவரை நான் ஏன் மேடம் கொல்லப் போறேன்?”

ரேணுகாம்பாள் வேணுவைத் திரும்பிப் பார்த்தாள். “அந்தக் கேஸ்ல ஸ்டேட்மென்ட் எழுதினது யாரு ஏட்டய்யா?”

“ஞாபகம் இல்லை மேடம். எத்தனையோ கேஸு.”

“பரசுராமன் சாரோட பழக்கம் உண்டா?”

“எம் பொண்ணு ரேவதி அவர்கிட்டதான் எக்ஸாமுக்குப் படிக்குது. கொண்டாந்து விட வாசல் வரைக்கும் வருவேன். மாடி ஏறினதில்லை.”

அருணாதேவி சமையற்கட்டு வாசலில் நின்று பதில் சொன்னாள். பௌர்ணமி என்றால் வீட்டு முன்னால் இட்லிக் கடை போடுவாள். விடியும் முன்பே அடுப்பு பற்றும்.

“தெனம் விடிஞ்சதும் காபி கொடுத்துருவேன் மேடம். பௌர்ணமி அன்னிக்கு மட்டும் லேட்டாவும். அவரும் ஒண்ணும் சொல்லமாட்டார். நான் போறப்ப முழிச்சுட்டுதான் இருப்பார். தலைகாணியை ரெண்டா மடிச்சு வெச்சுக்கிட்டு, தூரத்துக் கண்ணாடியை மாட்டிக்கினு, படுத்த மேனிக்கே மலையைப் பார்த்துக்கினு கெடப்பார். சாமி இல்லைன்னு பேசற ஆளு. மலையை மட்டும் கண்ணெடுக்காம பார்ப்பார்.”

“அப்ப ஜன்னல் எப்பவும் தெறந்திருக்குமா?”

“மழையில கூடச் சாத்தமாட்டார். தாழ்ப்பாள் வேற ஒடைஞ்சு போச்சு. கொஞ்சம் தூக்கி இழுத்தாத்தான் சாத்தவே வரும், சாத்தினா அதுவே கவ்விக்கும், லேசுல விடாது. ஆசாரியைக் கூப்பிடறேன்னு சொல்லிட்டே நாளு போச்சு. அவரு எங்க சாத்தறாரு, அதை ரிப்பேர் பண்ண?”

“காலைல யாராவது மாடிக்குப் போனதைப் பார்த்தீங்களா?”

“அய்ய, இன்னிக்குப் போய் இதைக் கேக்கறீங்களே. சாமியாரு, போலீஸு, பிச்சைக்காரரு, எல்லாருந்தான் அந்தச் சந்துல ஒண்ணுக்குப் போறாங்க. நான் இட்லியைப் பார்ப்பேனா, அவங்களைப் பார்ப்பேனா?”

“அவருக்கும் உங்களுக்கும் சண்டை கிண்டை?”

“மாடியைக் காலி பண்ணுங்க, யாத்திரிகங்களுக்கு விடணும்னு ஒரு தபா கேட்டேன். ‘என்னை எடுத்துட்டுப் போறப்ப காலியாவும்மா’ன்னார். அதோட விட்டுட்டேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இப்படியா சொன்னபடி கேப்பாரு மனுஷன்.”

வெயில் ஏறியது. வெளியே கூட்டம் குறையவில்லை. பொன்னி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். கால்கள் தாமாக நீண்டன. அருணாதேவி மோர் கொண்டுவந்தவள் நின்றாள்.

“ஏம்மா, காலை மடக்கு. அந்தப் பக்கம் மலை.”

“தெரியலைக்கா. நாலு செவுத்துக்குள்ள எங்க மலை தெரியுது?” பொன்னி எழுந்து எந்தப் பக்கம் திரும்புவது என்று புரியாமல் நின்றாள். “இப்படியா?”

“அய்ய, இந்தாண்ட. கண்ணால வேற பார்க்கணுமா இன்னா? இங்க பொறந்ததுங்க தூக்கத்துல புரண்டாக்கூட அந்தப் பக்கம் காலை நீட்டாது.”

வேணு சிரித்தார். பொன்னி மோரை வாங்கிக் கண்ணை மூடிக் குடித்தாள்.

*

பகல் ஒரு மணிக்கு ரேவதி அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். கல்லூரி முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவள். சார் செத்த செய்தியைத் தெருவில் கேட்டிருக்கிறாள். அழுது முகம் வீங்கியிருந்தது. சாப்பாட்டுக் கேரியரை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தாள். அவள் வீடு கூட்டம் வரும் திசையில் இருந்தது. வாசலில் இறங்கியவளை எதிரே வந்த கூட்டம் திரும்பப் படிக்கே தள்ளிவிட்டது.

“இங்கயே இரும்மா” என்றாள் ரேணுகாம்பாள். “நேத்து கிளாஸ் நடந்துச்சா?”

“நடந்துச்சு மேடம். நான் ஒருத்திதான் வந்தேன். மத்தவங்களுக்கெல்லாம் கிரிவலக் கடை போட்ட எடத்துல வேலை.”

“பலகையில மூணு வார்த்தை இருக்கே. அதான் பாடமா?”

“ஆமா மேடம். மூணும் ஒண்ணுதானே சார், சரி பண்றதுதானேன்னு கேட்டேன். இல்லைன்னார். தப்பைத் திருத்தினா கரெக்ட். கெட்டுப்போன மெஷினை, முறையைச் சீர் பண்ணா ரெக்டிஃபை. ரெட்ரெஸ் வேறன்னார். அதுக்கு எங்கயோ ஒரு மனுஷன் அடிபட்டிருக்கணுமாம்.”

“புரியற மாதிரி சொல்லு.”

“சார் ஒரு உதாரணம் சொன்னார். ஒருத்தர் கோர்ட்ல தப்பா சாட்சி சொல்லிட்டார்னு வெச்சுக்கோ. பேப்பர்ல இருக்கற அந்த வரியை மாத்தினா கரெக்ட். ஜெயில்ல இருக்கறவன் வெளிய வந்து அவன் வீட்டுச் சோத்தைச் சாப்பிட்டா அதுதான் ரெட்ரெஸ். அப்ப அந்த வெர்புக்கு அப்புறம் ஆளு பேரைப் போடலாமா சார்னு கேட்டேன். கூடாதுன்னார். ‘அநியாயத்தைத்தான் போடணும். ஆளை யாராலயும் பழையபடி ஆக்க முடியாதும்மா. அவனுக்கு நடந்ததுக்குத்தான் ஏதோ செய்ய முடியும்’னார்.” ரேவதி தாவணியை வாயில் வைத்துக்கொண்டாள். “நாளைக்கு நானே ஒண்ணு பண்ணப் போறேன், நல்ல வாக்கியமா எழுதித் தர்றேன்னு சொன்னார். எனக்காகத்தான் எழுதிட்டு இருந்திருப்பார்.”

“இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“ஃபிரெண்ட்ஸ்கிட்ட சொல்லலை. வீட்ல சாப்பிடறப்ப சொல்லிட்டிருந்தேன். சார் சீரியஸா சொல்ற மாதிரியே நடிச்சுக் காட்டினேன்.”

முற்றத்துக் குழாயில் வேணு கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு கேரியரைத் திறக்காமல் வாசலுக்குப் போய் நின்றார்.

*

ரேணுகாம்பாள் தனியாக மாடி ஏறினாள். ஈ வரத் தொடங்கியிருந்தது. போர்வையைப் பிணத்தின் முகம் வரை இழுத்துவிட்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். பலகையில் பாதி வாக்கியம். ‘நான் சரி செய்ய வேண்டிய அநியாயம்’ என்பதோடு இங்கிலீஷ் நின்றிருந்தது. கொன்றவன் பின்னாலிருந்து வந்திருக்கிறான். தோளில் கிடந்த துண்டோ தலையணையோ போதும். பிறகு தூக்கிப் போய்ப் படுக்க வைத்திருக்கிறான். வயதானவர், தூக்கத்தில் போனார் என்று ஊர் நம்பியிருக்கும். பொன்னி வந்து மாட்டிக்கொள்வாள் என்று அவன் நினைத்திருக்க முடியாது.

எழுந்து கட்டிலருகே போனாள். மணி பார்க்கவில்லை. வேன் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

விழித்ததும் மனிதன் எதைத் தேடுவான்? அவள் அப்பா எழுந்ததும் கண்ணைத் திறக்காமலேயே தலைமாட்டில் கையைத் துழாவுவார். கண்ணாடி கிடைத்த பிறகுதான் விடியும்.

ஸ்டூலைப் பார்த்தாள். கண்ணாடி, சொம்பு, மாத்திரை. மூன்றும் பிணத்தின் காலுக்குப் பக்கத்தில் இருந்தன. காலையிலிருந்து அங்கேயே இருந்தன. அவளும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே மலை. ஜன்னலடியில் தலை வைத்தால் மலை தெரியாது. கதவுதான் தெரியும்.

அவள் ஜன்னலிடம் போனாள். கதவுகளின் உள்பக்கம், பிடித்து இழுத்துச் சாத்துவதற்கு, ஒவ்வொன்றிலும் ஒரு இரும்பு வளையம். அதைத் தொடாமல் பார்த்தாள். மாத்திரை வாங்கிவந்த பாலித்தீன் கவர்கள் ஆணியில் தொங்கின. இரண்டு எடுத்து வளையங்களை மூடி நூலால் கட்டினாள்.

பிறகு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள்.

“சார், மணிவேல் கேஸ்ல இந்த வாத்தியாரோட ஸ்டேட்மென்ட்டை எழுதினது யாரு?”

“நம்ம வேணுதான். ஏன், பக்கத்துலதானே இருக்கார்? அவரையே கேளுங்க. வேன் கெளம்பியாச்சு.”

*

முதலில் அருணாதேவியை மேலே கூப்பிட்டாள். காலையில் கதவோரமாகப் பார்த்து அலறி ஓடியவள் இப்போதுதான் உள்ளே வந்தாள். போர்வை மூடிய உருவத்தைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

“இன்னா மேடம், இப்படித் திருப்பிப் போட்டிருக்கீங்க?”

“நான் போடலை. எப்பவும் எப்படிப் படுப்பார்?”

“இந்தாண்ட தலை, ஸ்டூல் பக்கம். காலு மலைக்கு நேரா. தெனம் திட்டுவேன். ‘மலை ஒண்ணும் கோவிச்சுக்காதும்மா, நான்தான் முழிச்சதும் அதைப் பார்க்கணும்’னு சொல்வார். காலைல பயத்துல நான் எதைக் கவனிச்சேன்?”

ரேணுகாம்பாள் பொன்னியையும் வேணுவையும் வரச் சொன்னாள். இருவரும் வந்தார்கள். படியில் இன்னொரு காலடியும் கேட்டது. கேட்காதது போல் இருந்துவிட்டாள்.

“ஏட்டய்யா, இவரைப் படுக்க வெச்ச ஆளு இந்த ஊர்ல பொறந்தவன். பொணத்தை எந்தப் பக்கம் படுக்க வைக்கறதுன்னு அவன் யோசிக்கவே இல்லை. தான் எப்படிப் படுப்பானோ அப்படி வெச்சான். மலைப் பக்கம் தலை, இந்தப் பக்கம் காலு. தலைகாணியையும் எடுத்து அங்க போட்டான். ஸ்டூலை மறந்துட்டான்.”

“இந்த ஊர்ல பொறந்த ஆளு ஆயிரக்கணக்குல இருக்கோம் மேடம்.”

“ஆமா. அருணாதேவியம்மாவும் இங்கதான் பொறந்தாங்க. ஆனா தெனம் பார்க்கறவங்க. இவங்க வெச்சிருந்தா அவர் படுக்கற மாதிரியே வெச்சிருப்பாங்க. பொன்னிக்கு மலை எந்தப் பக்கம்னே தெரியலை. இவரைப் படுத்து ஒரு நாளும் பார்க்காத உள்ளூர் ஆளு வேணும். மாடி ஏறினதில்லைன்னு நீங்கதான் சொன்னீங்க.”

“அதுக்காக?”

“அதுக்காக மட்டும் இல்லை. ஜன்னலை இவர் சாத்தவே மாட்டார். காலைல சாத்தியிருந்துச்சு. கீழ பாதை முழுக்க ஜனம், கொன்னவன்தான் சாத்தியிருக்கணும். சாத்தினா கவ்விக்கற ஜன்னல். பொன்னி நகம் பிய்யற வரைக்கும் தள்ளினா. நான் தள்ளினேன். தெரியாதவங்க தள்ளத்தான் செய்வாங்க. நீங்க தள்ளவே இல்லை. வந்ததும் அடியில கையைக் கொடுத்துத் தூக்கினீங்க.”

“பழைய வீட்டு ஜன்னல் மேடம். எல்லா வீட்லயும் அப்படித்தான்.”

“இருக்கலாம். தூக்கித் தள்ளினப்ப உள்ளங்கை அடியில பட்டுச்சு. வளையத்தை நீங்க தொடலை. நானும் தொடலை. வளையத்தைப் புடிச்சு இழுத்தாத்தான் சாத்த முடியும். ரேகை எடுக்கறவங்க வேன்லயே வர்றாங்க. அதுல உங்க ரேகை இருக்காதுன்னு சொல்லுங்க, நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

வேணு வளையங்களைப் பார்த்தார். பாலித்தீன் கவர்கள் காற்றில் லேசாக உப்பி அடங்கின. கீழே அரோகரா என்ற சத்தம் எழுந்து நகர்ந்து போனது. அவர் கதவுப் பக்கம் ஒரு அடி வைத்தார். அங்கே ரேவதி நின்றிருந்தாள்.

“நீ கீழ போ” என்றார்.

அவள் போகவில்லை.

“அவர் கார்னு சொன்னார். நீங்க ஆட்டோன்னு எழுதினீங்க” என்றாள் ரேணுகாம்பாள். “மாத்திச் சொன்னா உள்ள போவீங்கன்னு மெரட்டினதும் நீங்கதான். மூணு வருஷம் அவர் வாய் தொறக்கலை. நேத்து உங்க வீட்ல சாப்பாட்டு நேரத்துல அவர் தொறக்கப் போறார்னு தெரிஞ்சு போச்சு. அந்த வெள்ளைக் காரு யாருது ஏட்டய்யா?”

அவர் சட்டைக் காலர் வரை வியர்வையில் கறுத்திருந்தது.

“நம்மளுதா?” என்றாள் ரேவதி. குரல் மிகச் சின்னதாக வந்தது. “பெயின்ட் அடிக்கப் போன காரு திரும்பி வரவே இல்லையே. நல்ல வெலைக்குக் கேட்டாங்க, கொடுத்துட்டேன்னு சொன்னியே. நான்கூட ஒரு நாள் முழுக்க அழுதேனே.”

வேணு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். பிணத்தின் மேல் கை படாமல் உட்கார்ந்தார்.

“இருட்டுல திடுதிப்புனு குறுக்க வந்துட்டார்” என்றார் தரையைப் பார்த்து. “நைட் டியூட்டி முடிச்சு வர்றேன். கண்ணு சொக்கிடுச்சு. ரிட்டயர் ஆவ நாலு வருஷம் இருந்துச்சு. அந்தப் பையன் ஆட்டோ பக்கத்துல நின்னுட்டிருந்துச்சு. குடிச்சிருந்தான். இன்னிக்கு நான் பேசத்தான் வந்தேன் மேடம். கால்ல விழறதுக்குத்தான் வந்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கலை. எழுதிட்டே இருந்தார்.”

பொன்னி வேணுவைப் பார்க்கவில்லை. கட்டிலில் மூடிக் கிடந்தவரைப் பார்த்தாள்.

“நான் வெளிய வந்துட்டேன் மேடம்” என்றாள். “எங்க அண்ணன்? பார்த்தவர் செத்துட்டார். இப்ப மூடின அறைக்குள்ள நாலு பேர் கேட்டதைக் கோர்ட்டு நம்புமா? நாளைக்கே இவர் இல்லைன்னு சொன்னா?”

“சொல்லலாம்” என்றாள் ரேணுகாம்பாள். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “இந்தக் கொலையை ரேகை சொல்லிடும். அந்த விபத்தைச் சொல்ல ரேகை கெடையாது. காரும் கெடையாது. அதைச் சொல்லக்கூடிய ஆளு இனிமே உலகத்துல ஒருத்தர்தான். அவரை நாம கட்டாயப்படுத்த முடியாது.”

தூரத்தில் வேனின் ஹாரன் கேட்டது. கூட்டத்துக்குள் அங்குலம் அங்குலமாக வந்துகொண்டிருந்தது.

ரேவதி அறைக்குள் வந்தாள். பலகையின் முன்னால் ஒரு கணம் நின்று அந்தப் பாதி வாக்கியத்தைப் படித்தாள். பிறகு அப்பாவின் எதிரில், அவர் முகம் தெரியும்படி, தரையில் உட்கார்ந்தாள். உட்காரும்போதே கால்கள் மலைக்கு விலகித் தாமாக மடங்கிக்கொண்டன.

“அந்த அண்ணனை வெளிய கொண்டாற, நீ போய் சொல்வியாப்பா?”